டச்பாட்டை மௌஸ் என்று நினைக்கும் லப்டொப்: வன்னி வாசகருக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் நான் பார்க்கும் லப்டொப்களில் பெட்டி பிரிக்காமல் புதிதாக வாங்கியவை குறைவு. ஜேர்மனியிலோ பிரான்சிலோ கனடாவிலோ இருக்கும் சித்தப்பா, மாமி யாராவது தாங்கள் பாவித்ததைக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் கொழும்பிலோ வவுனியாவிலோ செகண்ட் ஹேண்டாக எடுத்ததாக இருக்கும். வந்த கையோடு பழைய விண்டோஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவோம், அல்லது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவோம். தலையிடி அதற்குப் பிறகுதான். அம்புக்குறி நகர்கிறது, கிளிக்கும் விழுகிறது, ஆனால் இரண்டு விரலால் பக்கத்தை மேலே கீழே ஓட்ட முடியவில்லை. டைப் பண்ணும்போது உள்ளங்கை பட்டதும் கர்சர் வேறெங்கோ போய்க் குந்துகிறது. செட்டிங்ஸில் டச்பாட் என்ற பகுதியையே காணவில்லை.

கடைக்குக் கொண்டுபோனால் "பாட் பழுதாப்போச்சு, மாத்த வேணும்" என்று சொல்லவும் கூடும். இப்படி அரைகுறையாக வேலை செய்யும் பாட் பெரும்பாலும் பழுதில்லை. அது யார் என்று கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காசு கொடுக்கும் முன் வீட்டிலேயே பார்க்கக் கூடியவற்றை, எந்த ஒழுங்கில் பார்ப்பது நல்லதோ அந்த ஒழுங்கிலேயே சொல்கிறேன். கையில் ஒரு யூஎஸ்பி மௌஸ் இருந்தால் வேலை சுலபம்.

எந்தப் பிரச்சினை என்று முதலில் பிரியுங்கள்

டச்பாட் தொல்லையில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நாள் முழுக்கப் போய்விடும்.

அம்பு ஒழுங்காக நகர்ந்து, விரல் சைகைகள் மட்டும் இல்லையென்றால், கணினி பாட்டைச் சாதாரண மௌஸ் என்று எடுத்திருக்கிறது. அம்பு அசையவே இல்லையென்றால், பாட் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கணினி அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. அம்பு தானாகத் துள்ளுகிறது, நடுங்குகிறது, தொடாமலே கிளிக் விழுகிறது என்றால், மென்பொருளைத் தொடும் முன் சாஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பற்றரியில் ஓடும்போது அடங்கிவிட்டால் குற்றவாளி கரண்ட்.

இந்த மூன்றாவது வகை எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருவதால் முதலில் அதை முடித்துவிடுவோம். ஐரோப்பாவில் இருந்து வரும் சாஜரின் பிளக் இரண்டு உருண்டைப் பின் கொண்டது. அதில் எர்த் தொடர்பு பக்கவாட்டு உலோகத் தகட்டில் இருக்கிறது. எங்கள் சொக்கெட்டில் அந்தத் தகடு எதையும் தொடாது. மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து இரண்டு பின்னையும் செருகினால் கரண்ட் வரும், எர்த் வராது. டச்பாட் விரலின் மின்கொள்ளளவை அளந்து வேலை செய்கிற சாதனம். எர்த் இல்லாத சாஜரில் இருந்து வரும் இரைச்சல் அந்த அளவைக் குழப்பிவிடும். லப்டொப்பின் உலோக உடலைத் தடவும்போது சுள்ளென்று ஒரு நமைச்சல் தெரிந்தால் காரணம் இதுதான். சாஜர் பெட்டியில் வயர் செருகும் இடத்தைப் பாருங்கள். மூன்று குழி இருந்தால், மூன்று பின் பிளக் உள்ள வயரை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பெரிய செலவில்லை. வீட்டுச் சொக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். வயர் செருகும் இடத்தில் இரண்டு குழிதான் என்றால் அந்தச் சாஜருக்கு எர்த்தே இல்லை. அந்த லப்டொப்புக்குரிய அசல் சாஜரைத் தேடுவதுதான் வழி.

ஏன் இப்படி மாறி நினைக்கிறது

1987இல் ஐபிஎம் நிறுவனம் பிஎஸ்/2 என்ற கணினி வரிசையை விட்டது. மௌஸ் கணினியோடு பேசும் ஒரு முறையும் அந்தப் பெயரிலேயே நிலைத்துவிட்டது. பழைய லப்டொப்களின் டச்பாட்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் பேசும். பவர் வந்ததும் பாட் தன்னைச் சாதாரண பிஎஸ்/2 மௌஸ் என்றுதான் காட்டிக்கொள்ளும். எந்த இயங்குதளத்திலும் குறைந்தபட்சம் அம்பாவது நகரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. கேட்டால் மட்டும் வாய் திறக்கிற ஆள் மாதிரி, சரியான கேள்வி வந்தால்தான் தான் யாரென்று சொல்லும். சினாப்டிக்ஸ் நிறுவனம் செய்த பாட் என்றால், ட்ரைவர் (சாதனத்தோடு பேசும் மென்பொருள்) ஒரு குறிப்பிட்ட கட்டளைத் தொடரை அனுப்பி நிலை என்ன என்று கேட்கும். பதிலின் நடு பைட் பதினாறடிமான எண்ணில் 47 என்று வந்தால் இது சினாப்டிக்ஸ் என்று புரிந்துகொள்ளும். அல்ப்ஸ், எலான் என்ற மற்ற நிறுவனங்களின் பாட்களுக்கு வேறு வேறு கேள்வி. அந்தக் கேள்வி தெரியாத ட்ரைவர் இருந்தால், அல்லது பதில் ட்ரைவரின் பட்டியலில் இல்லாததாக இருந்தால், பாட் கடைசிவரை மௌஸாகவே இருந்துவிடும். ஒரு காலத்தில் டெல் லற்றிட்யூட் வரிசையில் அல்ப்ஸ் பாட் உள்ள சில லப்டொப்களுக்கு லினக்ஸில் நடந்தது இதுதான். பிறகு வந்த கேர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தப் பாட்களுக்கான ஆதரவு சேர்ந்துவிட்டது.

புதிய லப்டொப்களில் பாட் பெரும்பாலும் ஐ2சி என்ற இரண்டு வயர்ப் பாதையில் இருக்கும். அங்கே பிரச்சினை வேறு மாதிரி வரும். முதலில் அந்தப் பாதையைக் கட்டுப்படுத்தும் சிப்புக்கு ட்ரைவர் வேண்டும், அதன் மேல் பாட்டுக்கு ட்ரைவர் வேண்டும். அடியில் உள்ளது இல்லையென்றால் மேலே உள்ளதை எத்தனை தரம் இன்ஸ்டால் பண்ணினாலும் பலனில்லை.

கையால் பார்க்க வேண்டியவை

அம்பு அசையாதவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கீபோட்டின் மேல் வரிசையில் டச்பாட் படம் போட்ட ஒரு விசை இருக்கும். எஃப்என் விசையோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்துங்கள். பழைய எச்.பி. சிலவற்றில் விசை இருக்காது. பாட்டின் இடப்பக்க மேல் மூலையில் ஒரு குட்டி விளக்கு இருக்கும். அந்த மூலையில் இரண்டு தரம் தட்டினால் பாட் அணையும், மறுபடி தட்டினால் வரும்.

அடுத்தது, யூஎஸ்பி துளைகளைப் பாருங்கள். வயர்லெஸ் மௌஸின் நகத்தளவு டொங்கிள் ஒன்று செருகியபடி கிடக்கலாம். மௌஸ் இருந்தால் டச்பாட்டை அணைத்துவிடு என்று ஒரு செட்டிங் உண்டு. அது போட்டிருந்தால், மௌஸ் வீட்டில் இருந்தாலும் டொங்கிள் இங்கே இருக்கும்வரை பாட் வேலை செய்யாமல் போகலாம்.

அப்புறம் முழுதாக ஒரு தரம் மின்சாரத்தை வடித்துப் பாருங்கள். ஷட் டவுன் செய்து, சாஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக் கூடியதென்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால்தான் முழுதாக அணையும். ஸ்லீப்பில் இருந்து எழும்பிய பிறகு காணாமல் போன பாட்கள் பல இந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள். பாட் ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறதா, கிளிக் பண்ணக் கடினமாக இருக்கிறதா, அடிமூடி உப்பியிருக்கிறதா? அப்படியென்றால் பாட்டுக்குக் கீழே இருக்கும் பற்றரி வீங்கியிருக்கக்கூடும். மீன் மார்க்கெட் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் லப்டொப்பை வைத்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க. வீங்கிய பற்றரியைச் சாஜ் பண்ணாதீர்கள், அமத்தாதீர்கள், குத்தாதீர்கள். அணைத்து, திருத்தத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். ட்ரைவர் கதை அதற்குப் பிறகு.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள்

டிவைஸ் மனேஜரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டெவ், பிறகு எம், ஜி, எம், டி எழுத்துகள், ஒரு புள்ளி, எம், எஸ், சி (devmgmt.msc) என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி என்டர் கொடுங்கள். சித்தப்பா அனுப்பிய லப்டொப்பில் விண்டோஸ் ஜேர்மன் மொழியில் இருந்தாலும் இந்தக் கட்டளை வேலை செய்யும். அம்பு இல்லாதவர்கள் டாப் விசையாலும் அம்பு விசைகளாலும் நகரலாம். வலது கிளிக்குக்குப் பதில் ஷிஃப்ட்டோடு எஃப்10.

இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். ஒன்று மௌஸ்கள் இருக்கும் பிரிவு, மற்றது எச்ஐடி எனப்படும் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பிரிவு. மௌஸ் பிரிவில் சினாப்டிக்ஸ், எலான், அல்ப்ஸ் என்று ஒரு பெயர் இருந்தாலோ, எச்ஐடி பிரிவில் டச் பாட் என்று ஒரு வரி இருந்தாலோ, கணினி பாட்டை அடையாளம் கண்டுவிட்டது. உங்கள் பிரச்சினை செட்டிங்ஸில்தான். அந்தப் பெயர்கள் இல்லாமல் பிஎஸ்/2 கம்பாட்டிபிள் மௌஸ் என்று மட்டும் இருந்தால், நாம் தேடிய ஆள் அதுதான். ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்ற வரியில் மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, அதர் டிவைசஸ் என்ற பிரிவில் பெயர் தெரியாத சாதனங்கள் வரிசையாக இருந்தாலோ, அடியில் உள்ள ட்ரைவர் இல்லை அல்லது குழம்பியிருக்கிறது.

இந்த இடத்தில் ஃபோனால் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்பதென்றால் "மௌஸ் வேலை செய்யுதில்லை" என்று விளக்குவதை விட அந்தப் படம் பயன்படும்.

ட்ரைவர் எடுக்க வேண்டிய ஒரே இடம் லப்டொப் செய்த நிறுவனத்தின் தளம். அடிமூடியில் ஒட்டியிருக்கும் தாளில் மொடல் எண் இருக்கும். டெல் என்றால் சேர்விஸ் டாக் என்ற குறியீடு இருக்கும். அதைக் கொடுத்தால் அந்த மெஷினுக்குரியது மட்டும் வரும். எல்லா ட்ரைவரையும் ஒரே கிளிக்கில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களின் பக்கம் போகாதீர்கள். அவற்றால் கெட்டுப்போன லப்டொப்பைச் சுத்தம் செய்வது, பாட்டைத் திருத்துவதை விடப் பெரிய வேலை. வைஃபையும் வேலை செய்யவில்லையென்றால் ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து, ஃபோனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். ஃபோனின் டேட்டா லப்டொப்புக்கு வரும். விண்டோஸ் தானாக அப்டேட் இறக்கத் தொடங்கி உங்கள் டேட்டாவைக் குடிக்காமல் இருக்க, அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிடுங்கள்.

இன்ஸ்டால் பண்ணும் ஒழுங்கு முக்கியம். முதலில் சிப்செட் ட்ரைவர் (மதர்போர்ட்டில் உள்ள அடிப்படைச் சிப்களுக்கானது). பிறகு, இன்டெல் மெஷின் என்றால் சீரியல் ஐஓ என்ற ட்ரைவர். ஐ2சி பாதையைத் திறந்துவிடுவது அதுதான். ஏஎம்டி மெஷினில் அவர்களுடைய சிப்செட் தொகுப்பிலேயே அது வந்துவிடும். ரீஸ்டார்ட். அதற்குப் பிறகுதான் டச்பாட் ட்ரைவர். பலர் கடைசியில் உள்ளதை மட்டும் ஏற்றிவிட்டு "சரிவரேல்லை" என்பார்கள். சீரியல் ஐஓ சின்னக் கோப்புத்தான். டேட்டாவை நினைத்து அதை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் ஏற்றியும் பிஎஸ்/2 மௌஸ் என்றே நின்றால், அந்த வரியில் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். விண்டோஸ் மறுபடி தேடும்போது புதிய ட்ரைவரைப் பிடிக்கும். நேற்றுவரை வேலை செய்து ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கெட்டிருந்தால், ப்ரொப்பர்டீஸ் உள்ளே ட்ரைவர் பக்கத்தில் ரோல் பேக் என்று ஒரு பட்டன் உண்டு. முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

பயோஸில் ஒரு சின்ன விசயம்

ஏசர் லப்டொப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓன் பண்ணும்போது எஃப்2 அழுத்திப் பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) போனால், மெயின் பக்கத்தில் டச்பாட் என்ற வரி சில மொடல்களில் இருக்கும். அதில் பேசிக், அட்வான்ஸ்ட் என்று இரண்டு தெரிவு. பேசிக் என்றால் பாட் பிஎஸ்/2 மௌஸ் போல நடக்கும். அட்வான்ஸ்ட் என்றால் ஐ2சி. விண்டோஸ் ஏற்றும்போது அம்பு வரவில்லை என்று யாரோ பேசிக்குக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். அட்வான்ஸ்ட் போட்டு எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். மாற்றிய பிறகு அம்பு முழுதாக நின்றுபோனால் பயப்பட வேண்டாம், சீரியல் ஐஓ இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். வேறு நிறுவன லப்டொப்பிலும் டச்பாட்டை அணைத்து வைக்கும் தெரிவு பயோஸில் இருக்கலாம். உள்ளே போனதும் ஒரு பார்வை பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

லினக்ஸே வேண்டாம் என்பவர்களுக்கும் இதில் ஒரு பயன் உண்டு. லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் பண்ணாமல் அதில் இருந்தே லப்டொப்பை ஓட விடுங்கள். அங்கே இரண்டு விரல் ஸ்க்ரோல் வேலை செய்தால் பாட் நல்ல பாட், குறை உங்கள் விண்டோஸில். சில ஜிபி இறக்க வேண்டும் என்பதால், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளை யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். பென்டிரைவ் தயாராகவே இருக்கக்கூடும்.

இனி லினக்ஸ்காரருக்கு. டேர்மினலை (கட்டளைகளைத் தட்டும் பெட்டி) திறந்து, கேட் கட்டளையால் ப்ரொக் கோப்புறைக்குள் பஸ், அதற்குள் இன்புட், அதற்குள் டிவைசஸ் என்ற கோப்பைக் காட்டச் சொல்லுங்கள் (cat /proc/bus/input/devices). ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பந்தி வரும். என் (N) என்ற எழுத்தில் தொடங்கும் வரியில் பெயர் இருக்கும். சின்பிஎஸ்/2 சினாப்டிக்ஸ் டச்பாட், அல்ப்ஸ்பிஎஸ்/2, ஈடிபிஎஸ்/2 எலான்டெக் என்பவை சரியாக அடையாளம் காணப்பட்டவை. பிஎஸ்/2 ஜெனரிக் மௌஸ், ஐஎம்பிஎஸ்/2 ஜெனரிக் வீல் மௌஸ் என்று இருந்தால் மாறி எடுத்திருக்கிறது.

முதல் முயற்சி, மௌஸ் மொடியூலை (கேர்னலோடு சேரும் ட்ரைவர் துண்டு) கழற்றிப் பூட்டுவது. சூடோ மொட்ப்ரோப், இடைவெளி, ஒரு சிறுகோடும் ஆர் எழுத்தும், இடைவெளி, பிஎஸ்மௌஸ் (sudo modprobe -r psmouse). பிறகு அதே கட்டளையைச் சிறுகோடும் ஆரும் இல்லாமல். பிஎஸ்மௌஸ் என்பதைப் பி, எஸ், மௌஸ் மூன்றும் ஒட்டிய ஒரே சொல்லாக, சிறிய ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஸ்லீப்புக்குப் பிறகு காணாமல் போகும் பாட்டுக்கு இது நல்ல மருந்து. ஐ2சி பாட் என்றால் கழற்றிப் பூட்ட வேண்டிய மொடியூல் வேறு: ஐ2சி, அடிக்கோடு, எச்ஐடி, அடிக்கோடு, ஏசிபிஐ (i2c_hid_acpi).

பெயர் சரியாக இருந்தும் செட்டிங்ஸில் டச்பாட் பகுதி வரவில்லையா? எக்ஸ்ஓர்க் என்ற திரை அமைப்புக்கான பழைய சினாப்டிக்ஸ் ட்ரைவர் தொகுப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய குறிப்பு எதையோ படித்து ஏற்றியிருப்பீர்கள். இன்று அந்த வேலையைச் செய்வது லிப்இன்புட் என்ற தொகுப்பு. பழையதை நீக்கி லொக் அவுட் செய்து வாருங்கள்.

அடுத்தது கேர்னல். புதிய கேர்னல் உள்ள பதிப்பை பென்டிரைவில் ஓடவிட்டு, அங்கே பாட் சரியாக வந்தால் அப்கிரேட் பண்ணுங்கள். அங்கேயும் வரவில்லையென்றால், லினக்ஸ் தொடங்கும் முன் வரும் கிரப் மெனுவில் ஒரு தற்காலிகச் சோதனை செய்யலாம். மெனுவில் ஈ (e) விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி விட்டு, ஐ8042, புள்ளி, நோமக்ஸ் (i8042.nomux) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். பலனில்லையென்றால் அடுத்த தரம் நோமக்ஸ் இருக்கும் இடத்தில் ரீசெட் (reset). இவை அந்த ஒரு தரம் ஓன் ஆவதற்கு மட்டும்தான், மறுபடி ஓன் பண்ணினால் மறைந்துவிடும். அதனால் பயமில்லாமல் முயலலாம். திங்க்பாட் வரிசையில் சிலவற்றில், உங்கள் டச்பாட் வேறு பாதையிலும் (பஸ்) பேசக்கூடியது என்று கேர்னல் எழுதிவைக்கும் லொக்கே சொல்லும். அப்போது பிஎஸ்மௌஸ், புள்ளி, சினாப்டிக்ஸ், அடிக்கோடு, இன்டர்டச், சமக்குறி, 1 (psmouse.synaptics_intertouch=1) என்று சேர்த்துப் பாருங்கள். பலன் தந்த சொல்லை மட்டும் ஈடிசி கோப்புறையில் டிஃபோல்டுக்குள் இருக்கும் கிரப் கோப்பில் (/etc/default/grub) நிரந்தரமாக எழுதி, அப்டேட்-கிரப் (sudo update-grub) கொடுங்கள்.

ஜேர்மன் கீபோட் உள்ளவர்களுக்கு ஒரு பொறி இங்கே இருக்கிறது. கிரப் மெனு வழமையாக அமெரிக்க கீபோட் என்றுதான் நினைத்துக்கொள்ளும். ஜேர்மன் கீபோட்டில் ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். சமக்குறி வேண்டுமென்றால் விசையில் எழுதியிருப்பதைப் பாராமல், பாக்ஸ்பேஸுக்கு உடனே இடப்பக்கம் இருப்பதை அழுத்துங்கள். பிரெஞ்சு கீபோட்டில் ஏ, கியூ மாறும். புள்ளியும் எம் எழுத்தும்கூட வேறிடம். சேர்த்த சொல்லை எஃப்10 அழுத்தும் முன் திரையில் ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

கடைக்குப் போவதென்றால்

பென்டிரைவ் லினக்ஸிலும் பாட் வரவில்லை, பயோஸிலும் சரியாக இருக்கிறது, மின்சாரம் வடித்தும் பார்த்தாயிற்று என்றால், பெரும்பாலும் பாட்டில் இருந்து மதர்போர்ட்டுக்குப் போகும் ரிபன் கேபிள்தான் சந்தேகத்துக்குரியது. கோடையில் செம்மண் தூசி, மழைக்காலத்தில் ஈரம், சிலவேளை எறும்பு, எல்லாம் அந்தச் சின்ன சொக்கெட்டுக்குள் போகும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ லப்டொப் திருத்துகிறவரிடம் கொடுத்து, முதலில் கேபிளைக் கழற்றித் துடைத்துச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். "மாத்த வேணும்" என்று சொன்னால், மாற்றுகிற பாட் இதே மொடலுக்குரியதா என்று கேளுங்கள். ஒரே லப்டொப் மொடலில் சிலவற்றுக்குச் சினாப்டிக்ஸும் சிலவற்றுக்கு எலானும் போட்டு வந்திருக்கலாம். மாறிப் போட்டால் ட்ரைவரை மறுபடி ஏற்ற வேண்டி வரும். பழைய பாட்டைத் திருப்பித் தரச் சொல்லி வாங்குங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஏதாவதொரு நீளமான பக்கத்தைத் திறந்து இரண்டு விரலால் ஓட்டிப் பாருங்கள், பற்றரியில் ஒரு தரம், சாஜர் செருகியபடி ஒரு தரம்.